புதுத் தோல் சப்பாத்தோடு சண்டை பிடிக்காதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய காலின் படத்தைப் பார்த்தேன். பெருவிரல் மொளி சிவந்திருக்கிறது, குதிக்காலுக்கு மேலே ஒரு கொப்புளம், பாதம் முழுக்கச் செம்மண்ணில் நடந்து வந்த மாதிரி ஒரு நிறம். கீழே "அக்கா, இதை வித்துவிடவா?" என்று ஒரு கேள்வி. பதிலை உனக்கு மட்டும் அனுப்பாமல் இங்கேயே எழுதுகிறேன். சுவர் ஏறுகிற இடத்து வாடகைச் சப்பாத்தை விட்டுவிட்டு, ஏறுவதற்கென்று சொந்தமாக ஒன்று வாங்குகிற பிள்ளைகள் எல்லோரும் முதல் கிழமையில் இதைத்தான் கேட்கிறார்கள்.

நிறத்துக்குப் பயப்படாதே. உள்ளே துணி வைத்துத் தைக்காத தோல் என்றால் வேர்வையில் சாயம் இளகிக் காலில் ஒட்டத்தான் செய்யும். நாளாக நாளாகக் குறைந்துவிடும். அதுவரை அம்மாவின் வெள்ளைத் துவாயில் கால் துடைக்காமல் இருந்தால் போதும்.

உன்னுடையது மித்தோஸ். லா ஸ்போர்ட்டிவா என்கிற இத்தாலிக்காரர்கள் 1928 இல் மரம் வெட்டுகிறவர்களுக்கும் கமக்காரருக்கும் சப்பாத்து செய்யத் தொடங்கியவர்கள். அவர்கள் செய்த மித்தோஸ் 1991 இல் வந்தது, இன்னும் விற்கிறது. நுனி கீழே வளையாத தட்டையான சப்பாத்து அது, நாள் முழுக்கக் காலில் கிடப்பதற்காகச் செய்தது. அதை மாட்டிக்கொண்டு ஒருவன் அழுகிறான் என்றால் ஒன்றில் அளவு பிழை, அல்லது அவசரம். இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

கையை உள்ளே விட்டுத் தடவிப் பார். சொரசொரவென்று வெறும் தோல் தட்டுப்படும். இந்த வகை நன்றாக இளகும், சிலருக்கு ஒரு முழு இலக்கம் அளவுக்குக்கூட. உள்ளே துணி வைத்த தோல் என்றால் அரை இலக்கம் கிடைப்பதே பெரிய காரியம். செயற்கைத் தோல் கிட்டத்தட்ட வாங்கின மாதிரியே இருக்கும். ஆகவே உன் கூட்டாளி ஒருவன் "என்னுடையது இளகவே இல்லை" என்று சொன்னால், முதலில் அவனுடையது எந்த வகை என்று கேள்.

ஆனால் இளகுவது எந்தப் பக்கம் என்பதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. சப்பாத்தின் முன்பக்கத்தைச் சுற்றியும் குதிக்காலைச் சுற்றியும் ஒரு றப்பர் பட்டி ஓடுகிறது, பார். குதிக்காலில் இழுத்து ஒட்டியிருக்கிற அந்தப் பட்டிதான் உன் காலை முன்னுக்குத் தள்ளி, விரல்களை நுனியில் கொண்டுபோய் வைக்கிறது. தோல் நார் நாராகப் பின்னிக் கிடக்கிற பொருள். சூடும் ஈரமும் பட்டால் நார்கள் இளகி, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, காய்கிறபோது புது இடத்தில் நிலைத்துவிடும். றப்பர் அப்படியில்லை, இழுபட்டாலும் பழைய இடத்துக்கே திரும்பி வரும். அதனால் பாதத்தின் மேல்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் தாராளமாக இடம் கொடுக்கும், நீளம் அவ்வளவாகக் கொடுக்காது. சுண்டுவிரல் பக்கம் இறுக்கமா, பொறு. புறங்காலில் இறுக்கமா, அதற்கும் பொறு. பெருவிரல் நகம் நுனியில் முட்டி மடங்கி நோகிறதா, அதற்கு நீ ஆறு மாதம் பொறுத்தாலும் வழி பிறக்காது.

இதை ஒருக்கா வடிவாகச் சோதித்துப் பார். பின்னேரம் பார்ப்பது நல்லது, பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். லேஸைக் கடைசி ஓட்டை வரைக்கும் தளர்த்து. மித்தோஸில் லேஸ் குதிக்காலையும் சுற்றிப் போகிறது, அந்தப் பக்கத்தையும் சேர்த்துத் தளர்த்த மறக்காதே. அநேகம் பேர் மேலே மட்டும் தளர்த்திவிட்டுக் கால் போகவில்லை என்று மல்லுக்கட்டுகிறார்கள். காலில் ஒரு மெல்லிய சொப்பிங் பையை மாட்டிக்கொண்டு உள்ளே விடு, வழுக்கிக்கொண்டு போய்விடும். போனதும் பையை உருவிவிட்டு எழுந்து நில். விரல்கள் நுனியைத் தொட வேண்டும், மொளி லேசாக மடங்கியிருக்கலாம். சுற்றிவர ஒரே சீராகப் பிடித்தால் சரி. ஓரிடத்தில் மட்டும் ஊசி குத்துகிற நோவு, அல்லது ஒரு நிமிடத்துக்குள் விரல் விறைத்துப்போவது, இரண்டும் சரியில்லை. குதிக்காலுக்குப் பின்னால் வெற்றிடம் இருந்தாலும் சரியில்லை, அது வேறு விதமான பிழை.

உனக்கு நீளம்தான் பிழை என்றால் காரணத்தை ஊகிக்கலாம். இதை வாங்கி வந்த பெரியப்பாவுக்கு நீ சொன்னது இங்கே கடையில் வாங்குகிற இங்கிலாந்து அளவு இலக்கம், 8. அவர் ரொறன்ரோவில் அதை ஐரோப்பிய இலக்கத்துக்கு மாற்றி வாங்கியிருப்பார். இங்கிலாந்து அளவில் ஓர் இலக்கம் என்பது அங்குலத்தில் மூன்றில் ஒன்று, அதாவது 8.5 மில்லிமீட்டர் வரும். ஐரோப்பிய அளவில் 6.7 மில்லிமீட்டர்தான். இரண்டும் எங்கேயும் ஒழுங்காகச் சந்திப்பதில்லை, ஒவ்வொரு கொம்பனியும் தனக்கு வசதியான பக்கம் சாய்த்து அட்டவணை போடுகிறது. அதற்கு மேல், "மித்தோஸ் இளகும், சின்னதாக வாங்கு" என்று கடைக்காரரும் சொல்லியிருக்கலாம். நல்ல புத்திமதிதான், ஆனால் கடினமான பாறை ஏறுகிறவர்களுக்கு. உனக்கு இப்போது தேவை, ஒரு மணி நேரம் ஏறினாலும் கழற்றி எறியத் தோன்றாத சப்பாத்து.

பெரியப்பா திரும்பிப் போக இன்னும் நாள் இருக்கிறது என்று பெரியம்மா சொன்னார். ஆகவே முடிவு தெரியும் வரை வீட்டுக்குள்ளே, துடைத்த தரையில் மட்டும் போடு. பெட்டியையும் அட்டையையும் எறியாதே, ரசீதையும் கேட்டு வாங்கி வை. நீளம் பிழை என்றால் வெட்கப்படாமல் அவரிடமே கொடுத்துவிடு. "பழகப் பழகச் சரியாகும்" என்று அவர் சொல்லுவார். அவர் சொல்லுவது ஒபிஸ் சப்பாத்தைப் பற்றி.

சரி, நீளம் பிழையில்லை, அகலம்தான் இறுக்கம் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் பெரிய வேலை ஒன்றுமில்லை. இரவில் ரீவி பார்க்கிறபோது பத்து நிமிடம் போட்டுக்கொண்டு இரு. முதலில் உட்கார்ந்தபடி, பிறகு எழுந்து படிக்கட்டு விளிம்பில் நுனிக்காலை வைத்து மெதுவாக ஏறி இறங்கு. நோகத் தொடங்குவதற்கு முன்னமே கழற்று. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி போடு. சொக்ஸ் வேண்டாம், உன் காலின் சூடும் வேர்வையும்தான் இங்கே வேலை செய்கிறது.

இணையத்தில் சொல்லுகிற வித்தைகளை எல்லாம் நீ பார்த்திருப்பாய். சப்பாத்தோடு சுடுதண்ணி ஷவரில் நிற்பது, பையில் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்து ஃப்ரீசரில் விடுவது, ஹெயர் ட்ரையர் பிடிப்பது. ஷவர் வித்தை வேலை செய்யும், பொய்யில்லை. ஆனால் அது வேர்க்காத ஊர்க்காரருக்கான யோசனை. கொழும்பில் கால் சப்பாத்துக்குள் போய்ப் பத்து நிமிடத்தில் தேவையான ஈரம் தானாகவே வந்துவிடுகிறது. சொட்டச் சொட்ட நனைத்தால் மழைக்காலத்தில் எப்போது காயும்? ஃப்ரீசரில் தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய ஒன்பது வீதம் விரிகிறது, எந்தப் பக்கம் விரியும் என்பது உன் கையில் இல்லை. உன் சுண்டுவிரல் எங்கே இருக்கிறது என்று பனிக்கட்டிக்குத் தெரியாது. அதோடு அம்மாவின் மீனுக்குப் பக்கத்தில் அதை வைக்க அவர் விடமாட்டார். ஹெயர் ட்ரையர் வேண்டவே வேண்டாம், அடியை ஒட்டிய பசை சூட்டில் இளகும்.

ஓரிடம் மட்டும், உதாரணமாகப் பெருவிரல் அடிமூட்டு, தொடர்ந்து நோகிறது என்றால் சப்பாத்து தைக்கிறவரிடம் கொண்டுபோய் அந்த இடத்தைக் கட்டை வைத்து இளக்கித் தரச் சொல்லலாம். றப்பரில் கத்தி வைக்கக் கூடாது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு.

சுவரில் ஏறத் தொடங்கியதும் முதல் சில நாட்களுக்குப் பெரிய பிடிகள் உள்ள லேசான வழிகளில் ஏறு. ஒவ்வொரு ஏற்றமும் முடிந்து இறங்கியதும் குதிக்காலை வெளியே எடுத்துவிடு. கூட்டாளிகளோடு கதைத்துக்கொண்டு சப்பாத்தோடு நடந்து திரியாதே, அடி தேய்வதற்கு அதுதான் குறுக்கு வழி. கழிப்பறைக்குப் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பற்றி நான் இங்கே எதுவும் எழுதப்போவதில்லை. முதல் நாளே நகத்தை வெட்டி வை. கொப்புளம் ஆறும் வரை அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு ஏறு.

ஏறி முடிந்த பிறகு செய்கிறதுதான் இந்த ஊரில் முக்கியம். வெள்ளவத்தையில் கடல் பக்கப் பல்கனி உள்ள தொடர்மாடி வீட்டில் எதுவும் தானாகக் காயாது, நீயே பார்த்திருக்கிறாய். ஈரத்தோடு பைக்குள் திணித்து அடுத்த சனிக்கிழமை திறந்தாயானால் பூஞ்சணம் பிடித்து வெள்ளையாகக் கிடக்கும். வீட்டுக்கு வந்ததும் வெளியே எடுத்து, வாயை அகலத் திறந்து, பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே வைத்து ஃபேனுக்குக் கீழே விடு. பேப்பர் நனைந்தால் மாற்று. பூஞ்சணம் வந்துவிட்டால் வினாகிரியும் தண்ணீரும் கலந்த துணியால் துடைத்து நிழலில் காயவிடு. வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும், இவ்வளவு நாள் இளக்கியதும் வீண். உன் ஸ்கூட்டியின் சீற்றுக்குக் கீழே இருக்கிற பெட்டி வெயிலில் நிற்கும்போது எவ்வளவு சுடும் என்று கையை வைத்துப் பார். அதற்குள் ஹெல்மெட் இருக்கட்டும், சப்பாத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
அக்கா