மக்கா, நீ தந்த நாடகத்த படிச்சு முடிச்சேன்

மக்கா,

சுகமா இருக்கியா? அம்மைக்க முட்டுவலி இப்போ எப்பிடி, மருந்து ஒழுங்கா சாப்பிடுகாளா? இங்க மழை விட்டு ஒரு மாசமாச்சு, ரப்பர்ல பழைய இலையெல்லாம் கொட்டி தளிர் வர ஆரம்பிச்சிட்டு.

லீவுக்கு வந்தப்போ நீ வச்சுட்டுப் போன ஆர்தர் மில்லருக்க 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' ரெண்டு தடவ படிச்சேன். காலேஜ்ல, இதுல வாற சேல்ஸ்மேன் வில்லி லோமன் பாவப்பட்டவன், கம்பெனி ஏமாத்திட்டுன்னு எழுதி மார்க் வாங்குனோம், அம்புடுதான். அது பொய்யும் இல்ல, 34 வருசம் இந்த கம்பெனிக்கு ஒழைச்சேன்னு கெஞ்சுற ஆளுகிட்ட, பழைய மொதலாளிக்க மொவன் புதுசா வாங்குன ரெக்கார்டர்ல பிள்ளைக்க குரல போட்டு காட்டிட்டு வேலைய விட்டே அனுப்புறான், படிச்சா வயிறு எரியுது.

ஆனா இந்த வயசுல எனக்கு வில்லிக்க பொய்தான் பெருசா தெரியுது. பக்கத்து வீட்டு சார்லிகிட்ட வாரம் 50 டாலர் கடன் வாங்கி, சம்பளம்னு சொல்லி பொண்டாட்டி லிண்டா கையில குடுக்கான். அதே சார்லி வேலை தாறேன்னா வேண்டாங்கான். கடன் வாங்கலாம் வேலைக்கு போகக் கூடாது, போனா தோத்துட்டேன்னு ஒத்துக்கணும்லா.

மூத்தவன் பிஃப்கிட்ட பண்ணுனது அதவிட கொடுமை. அவனுக்கு டெக்சாஸ் பண்ணையில குதிரைக்குட்டிய பாத்துட்டு நிக்கதுதான் சந்தோசம், அப்பனுக்கு அது கேவலம். ஆலிவர்னு ஒருத்தர்கிட்ட பிஃப் பாத்தது வெறும் ஷிப்பிங் கிளார்க் வேலை, வீட்டுல அத சேல்ஸ்மேன் சேல்ஸ்மேன்னு சொல்லிச் சொல்லி கடைசியில அவனே நம்பிட்டான், பொறவு ஆறு மணி நேரம் காத்துக் கெடந்து அவர பாத்தா அவருக்கு ஆள அடையாளமே தெரியல. அந்த எடத்துல புத்தகத்த மூடி வச்சிட்டேன்.

மூணு வருசமா ஒனக்கு நான் என்ன எழுதுனேன், மொவனுக்கு பேங்க் வேலை கெடச்ச மாதிரிதான், இன்டர்வியூ மட்டும் பாக்கின்னு. அவன் மொத பரீட்சை ப்ரிலிம்ஸே தாண்டல மக்கா. அப்பா எனக்கு இது வராதுன்னு அவன் சொன்னான், எனக்கு காதுல ஏறல, போற கல்யாண வீட்டுல எல்லாம் அதையே சொன்னேன். போன கிறிஸ்மஸுக்கு மாமன் கேட்டப்போ அவனே, அடுத்த பரீட்சை மெயின்ஸ் எழுதியிருக்கேன் மாமான்னு சொல்லுகான். எனக்க பொய்ய எனக்க பிள்ளை வாயில கேட்டப்போ அன்னைக்கு ஒண்ணும் தோணல, இந்த நாடகத்த படிச்ச பொறவுதான் ஒறைச்சுது.

அவனுக்கு தேனீதான் எல்லாம். தொண்ணூறுகள்ல நோய் வந்து கூட்டம் கூட்டமா செத்தப்போ எங்க அப்பா விட்டுட்ட பெட்டிகள அவன் பரண்ல இருந்து எடுத்து சரி பண்ணுனான், இப்போ 22 பெட்டி இருக்கு. ரப்பர்ல தேன் பூவுல இல்லயாம், தளிர்ல மூணு இலையும் சேருற காம்பு முனையிலயாக்கும் ஊறுது, அவன்தான் தொட்டு காட்டுனான், இத்தன வருசம் அந்த மரத்துக்கடியில நடந்த எனக்கு அது தெரியாது.

வில்லி பெருசா கனவு கண்டதுதான் தப்புன்னு நீ போன்ல சொன்ன, எனக்கு அதுல சம்மதம் இல்ல. அவனுக்கு சிமெண்டு வேலையும் தச்சு வேலையும் கைவந்தது, அத ஒரு வேலையாவே அவன் நெனைக்கல. வீட்டு முன்வாசல் படியில இருந்த அளவுக்கு அப்பன் அவன் வித்ததுல எதுலயும் இல்லன்னு, வில்லிய அடக்கம் பண்ணுன எடத்துல நின்னு பிஃப் சொல்லுகான். அந்த பிள்ளைக்கு 20,000 டாலர் இன்சூரன்ஸ் பணம் கெடைக்கணும்னு செத்தவன் வில்லி, பிள்ளை கேட்டது அந்த பொய்க்கனவ விட்டுடுங்கன்னு மட்டும்தான். அழுதுட்டேன்.

சனிக்கிழமை ராத்திரி பெட்டிய எல்லாம் டெம்போவுல ஏத்தி குலசேகரம் பக்கம் ஒரு தோட்டத்துல கொண்டு வச்சோம், ஈ எல்லாம் கூட்டுக்குள்ள அடைஞ்ச பொறவுதான் தூக்கணும், நான் டார்ச் புடிச்சேன். தோட்டத்துக்காரர் மொவன் பேங்க்லயான்னு கேட்டாரு. இல்ல, தேன் எடுக்கான்னு சொன்னேன். அவன் திரும்பி பாக்கல, கயிறு கெட்டிட்டு நின்னான்.

மார்ச்சுல லீவு கெடைக்குமா? கொச்சுமோளுக்கு இருமல் விடலன்னு சொன்னியே, ரெண்டு குப்பி தேன் எடுத்து வைக்கேன், வரும்போ புத்தகத்தையும் வாங்கிக்கோ, பென்சில்ல கொஞ்சம் கோடு போட்டிருக்கேன்.