தூக்குத் தண்டனையும் ‘நல்ல பெண்’ அளவுகோலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரண தண்டனை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், பெண் என்றால் நீதிமன்றங்கள் இரங்கிவிடுகின்றன என்று போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது. பலரும் சொல்வதுதான். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். தூக்குத் தண்டனைக் கைதிகளில் பெண்கள் மிகச் சிலர். அந்தச் சிலர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று தீர்ப்புகளைப் புரட்டினால் வேறு ஒன்று தெரிகிறது. நல்ல தாய், நல்ல மனைவி, நல்ல மகள் என்ற படத்துக்குள் அடங்குகிறவளுக்கே அந்த இரக்கம். அடங்காதவள் மேல் செய்த குற்றத்தோடு, அடங்காத குற்றமும் ஏறுகிறது.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வருக்குத் தூக்கை உறுதி செய்தபோது, நளினி விஷயத்தில் மட்டும் நீதிபதி கே.டி.தாமஸ் மாறுபட்டு, ஆயுள் போதும் என்றார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, நளினி சதியில் பிறர் சொன்னதைச் செய்தவர், முடிவெடுத்தவர் அல்லர் என்பது. இன்னொன்று, தந்தைக்குத் தூக்கு உறுதியாகிவிட்ட நிலையில், சிறையில் பிறந்த குழந்தை தாயையும் இழக்கக் கூடாது என்பது. குழந்தையை நினைத்த அந்த மனத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மற்ற இரு நீதிபதிகளும் தாய் என்பதை ஒரு காரணமாக ஏற்கவில்லை. 2000-இல் தமிழக அமைச்சரவையின் பரிந்துரைப்படி ஆளுநர்தான் தண்டனையைக் குறைத்தார்.

அடுத்து ஷப்னம் வழக்கு. 2008 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் அம்ரோகா பகுதியில், பச்சைக் குழந்தை உட்பட அவருடைய குடும்பத்தினர் ஏழு பேர் கொல்லப்பட்டார்கள். குற்றத்தின் கொடூரத்தை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. கைதானபோது ஷப்னம் கர்ப்பிணி. அதே ஆண்டு டிசம்பரில் சிறையில் குழந்தை பிறந்தது. 2010-இல் தூக்கு, 2015-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பில், மகள் என்பவள் அக்கறையும் ஆதரவும் நிறைந்தவள், நம் சமூகம் போற்றும் பண்புகளின் உருவம், பெற்றோர் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் பிள்ளை என்ற பொருளில் ஒரு பகுதி வருகிறது. காதலும் இச்சையும் அவரை இழுத்துச் சென்றதாகவும் எழுதப்பட்டிருக்கிறது. காதலரும் கூட்டாளியுமான சலீமுக்கும் அதே தண்டனைதான். ஆனால் அவரை அளக்க இப்படி ஒரு உறவுமுறைக் கோல் தேவைப்படவில்லை.

இங்கே சட்டத்தில் உள்ள ஓர் ஓட்டையையும் சொல்ல வேண்டும். தூக்கு விதிக்கப்பட்ட பெண் கர்ப்பமாக இருந்தால் உயர் நீதிமன்றம் கட்டாயம் ஆயுளாகக் குறைக்க வேண்டும் என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 456-வது பிரிவு. விசாரணை முடிய ஆண்டுகள் ஆவதால், கைதாகும்போது கர்ப்பமாக இருப்பவர் தீர்ப்பின்போது கைக்குழந்தைக்காரியாகவோ பள்ளிப் பிள்ளையின் தாயாகவோ ஆகியிருப்பார். அப்போது இந்தப் பிரிவு அவருக்கு உதவாது. அது காப்பது கருவை மட்டுமே.

பிரெண்டா ஆண்ட்ரூ வழக்கு அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் நடந்தது. 2001-இல் கணவரைச் சுட்டுக் கொன்ற வழக்கு. அரசுத் தரப்பு, அவருடைய பழைய உறவுகள், போட்ட உடைகள், தாயாக அவர் செய்த குறைகள் எல்லாவற்றையும் ஜூரி முன் வைத்தது. இறுதி வாதத்தில் அவருடைய உள்ளாடையைத் தூக்கிக் காட்டி, கணவனை இழந்து அழுகிறவள் இதையா பெட்டியில் எடுத்துவைப்பாள் என்று கேட்டார் அரசு வழக்கறிஞர். துப்பாக்கியை யார் பிடித்தார் என்பதற்கு அந்தத் துணி என்ன சாட்சி? 2025 ஜனவரியில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இத்தகைய ஆதாரம் விசாரணையின் நியாயத்தையே கெடுத்துவிட்டதா என்று ஆராயச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. அதற்குள் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

நம் ஊரில் உள்ளாடையைக் காட்ட வேண்டியதில்லை, ‘கள்ளக்காதல்’ என்ற ஒரு சொல் போதும். முதலில் செய்தித்தாளின் தலைப்பில் வருகிறது, பிறகு குற்றப்பத்திரிகையில் கொலைக்கான நோக்கமாக உட்கார்ந்துகொள்கிறது. 2018-லேயே திருமணத்துக்கு வெளியே உள்ள உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவை ரத்து செய்துவிட்டது. தலைப்புகள் மாறவில்லை. தங்கள் இதழும் இதில் விலக்கல்ல என்பதை வருத்தத்தோடு சொல்கிறோம்.

இதைவிட ஆழமான சிக்கல் ‘திடீர்’ என்ற சொல்லில் இருக்கிறது. கடுமையான, திடீரென்ற சினமூட்டலில் தன்னிலை இழந்து செய்த கொலை, சட்டப்படி கொலைக்குற்றம் ஆகாது. அதற்குத் தூக்கு விதிக்கவே முடியாது. ஆக, ஒரு பெண் தூக்குமேடைக்கான பாதையில் ஏறுகிறாளா இல்லையா என்பதை இந்தச் சொல் தீர்மானிக்கிறது. பத்து ஆண்டு அடி வாங்கியவள் அடி விழும் நேரத்தில் திருப்பி அடிக்க மாட்டாள். அடித்தால் தானே செத்துப்போவாள் என்று அவளுக்குத் தெரியும். அவன் தூங்கும்போது செய்கிறாள். சட்டம் அதைத் திட்டமிட்ட கொலை என்று படிக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 1989-இல் சுயம்புக்கனி வழக்கில் இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தது. கணவனின் கொடுமை தாங்காமல் குழந்தைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த பெண்ணின் வழக்கு அது. நல்லதங்காள் கதையைச் சுட்டி, நாளாவட்டத்தில் ஏறிக்கொண்டே வரும் சினமூட்டலும் சினமூட்டல்தான் என்றது நீதிமன்றம். பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலோ அதே ‘திடீர்’ அப்படியே இருக்கிறது. கீழமை நீதிமன்றத்தில் யாராவது அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டினால்தான் உண்டு.

எடுத்துக் காட்ட ஆதாரம் வேண்டும். 2022 மே மாதம் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம், தூக்கு கேட்கும் வழக்குகளில் குற்றவாளியின் இளமைக்காலம், குடும்பத்தில் நடந்த வன்முறை, வறுமை, படிப்பு, மனநிலை பற்றிய விவரங்களை அரசே முன்கூட்டித் திரட்டித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. தண்டனையைக் குறைப்பதற்கான காரணங்களைத் திரட்டும் இந்த வேலையைத்தான் வழக்கறிஞர்கள் மிட்டிகேஷன் என்கிறார்கள். ஆண் கைதிக்குத் தாயோ மனைவியோ மனுப் போட்டு வந்து பார்க்கிறார்கள், பள்ளிச் சான்றிதழைத் தேடிக் கொடுக்கிறார்கள். பெண் கைதியைப் பிறந்த வீடும் கைகழுவிவிடுகிறது, காகிதம் கொண்டுவர ஆளில்லை. பெண்ணுக்கும் கணவனுக்கும் ஒரே வழக்கறிஞர் என்றால் நிலைமை இன்னும் மோசம். அவன் மிரட்டித்தான் அவள் உடன்போனாள் என்ற வாதத்தை அந்த வழக்கறிஞர் எப்படி வைப்பார்? முதல் வேலை அவளுக்குத் தனி வழக்கறிஞர் அமர்த்துவதுதான்.

அடுத்து அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு, அதாவது ஏ.ஆர். நகல். பல நேரம் அதில் ‘வீட்டில் வழுக்கி விழுந்ததாகக் கூறுகிறார்’ என்று இருக்கும். அதைப் பார்த்ததும் மூடிவைத்துவிடுகிறார்கள். அதே தாளில் ‘அழைத்து வந்தவர்’ என்ற இடத்தைப் பார்க்க வேண்டும். கணவன் என்று இருந்தால், அவன் பக்கத்தில் நிற்க அவள் வேறென்ன சொல்லியிருப்பாள்? வழுக்கி விழுந்தவருக்கு முழங்கையிலும் முட்டியிலும் காயம் இருக்கும். கண்ணுக்குக் கீழும் முன்கையின் வெளிப்பக்கமும் கன்றியிருந்தால், அது தடுத்த கை. ஒரு ஏ.ஆர். ஒன்றையும் நிரூபிக்காது. இரண்டு ஆண்டுகளில் நான்கு என்றால் அது ஒரு வரலாறு. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் சமாதானம் பேசி அனுப்பியபோது கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு), ஆரம்ப சுகாதார நிலையத்தின் மகப்பேறு அட்டை, படிப்பை நிறுத்திய வகுப்பையும் பிறந்த தேதியையும் காட்டும் டி.சி. ஆகியவற்றையும் சேர்த்தால் அவள் எத்தனை வயதில் எங்கே தள்ளப்பட்டாள் என்பது தெரிந்துவிடும்.

பேட்டியிலும் அவசரம் கூடாது. சிறைக் காவலர் காதுபட ஒரே சந்திப்பில் கேட்டால் அடி உதையைச் சொல்வாள், பாலியல் கொடுமையைச் சொல்ல மாட்டாள். ஒரே பெண் பேட்டியாளர் நாலைந்து முறையாவது போக வேண்டும். ஆனால் நடப்பது என்ன? குற்றவாளி என்று அறிவித்த அன்றே, சில வழக்குகளில் மதிய இடைவேளைக்குப் பின்னேயே, தண்டனை பற்றிக் கேட்டு முடித்துவிடுகிறார்கள். ‘குழந்தைகள் இருக்கிறார்கள், கருணை காட்டுங்கள்’ என்ற ஒற்றை வரிதான் பதிவாகிறது. மறுபடியும் தாய் என்ற படம். அவள் வாழ்க்கை எங்கும் பதிவாகவில்லை.

இனி ஒரு பெண்ணுக்குத் தூக்கு என்று செய்தி போடும்போது, தண்டனை பற்றிய விசாரணை எத்தனை நாள் நடந்தது, மனநல அறிக்கை தாக்கலானதா, அவளுக்குத் தனி வழக்கறிஞர் இருந்தாரா என்ற மூன்றையும் தங்கள் நிருபர்கள் கேட்டு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி