அரைகுறையாகக் காட்டு என்கிறார்கள், நைனா

ஸ்டுட்கார்ட் பக்கம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள நைனாவுக்கு,

இங்கே நலம். போனில் நான் கத்துவதும், நீங்கள் "ஆங், ஆங்" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவதுமாகவே ஒரு வருடம் ஓடிவிட்டது. அதனால்தான் கடிதம். 31 வருடம் லேத் பக்கத்தில் நின்ற காதுக்கு வாட்ஸ்அப் கால் எம்மாத்திரம்.

போன மாதம் கேட்டீர்கள், "அப்படி என்னம்மா வேலை அங்க?" என்று. கம்ப்யூட்டர் வேலை என்று மழுப்பிவிட்டேன். உங்களிடம் மழுப்ப வேண்டியதே இல்லை. நான் இருப்பது மிஷின் கட்டுகிற கம்பெனி. ஒரு ரோபோ கை கடைய வேண்டிய இரும்புத் துண்டை, அதுதான் ஜாபை, எடுத்து, கம்ப்யூட்டர் சொல்படி கடைகிற சி.என்.சி. லேத்தின் சக்கில், அந்தப் பிடிக்குள் வைக்கும், சக் பிடித்ததும் விட்டுவிட்டு வெளியே வரும், கடைசல் முடிந்ததும் எடுத்து டிரேயில் வைக்கும். எப்போது பிடிக்க, எப்போது விட என்று சொல்வது என் புரோகிராம். அது பி.எல்.சி. என்ற பெட்டிக்குள் ஓடுகிறது. சென்சார்கள் சொல்வதைக் கேட்கும், கணக்குப் போடும், வால்வையும் மோட்டாரையும் இயக்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு சுற்றுக்குச் சில மில்லி செகண்ட்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மிஷின் வந்து இறங்குவதற்கு முன்பே புரோகிராமை ஓட்டிப் பார்த்துவிடுகிறோம். கம்ப்யூட்டருக்குள் அதே மிஷினை வரைந்து, அதே வேகத்தில் அசைய வைத்திருக்கிறார்கள். டிஜிட்டல் ட்வின் என்று பெயர். இரட்டைப் பிள்ளைதான், ஆனால் ஒன்றுக்கு எண்ணெய்ப் பிசுக்கே கிடையாது. கை சக்கில் இடித்தால் திரையில் சிவப்பாக மின்னும், செலவு ஒன்றும் இல்லை. நிஜ மிஷினில் இடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வேலை செய்கிற முறைதான் எனக்குப் பிடிபடவே இல்லை. அஜைல் என்கிறார்கள். 2001இல் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் ஒரு பனிச்சறுக்கு விடுதியில் 17 சாஃப்ட்வேர்காரர்கள் கூடி, திட்டத்தைக் கட்டிக்கொண்டு அழாமல் மாற்றத்துக்கு ஏற்றபடி நடப்போம் என்று ஒரு பக்க அறிக்கை எழுதினார்கள். அங்கிருந்து கிளம்பியது இந்தப் பெயர். எங்கள் டீமில் இரண்டு வாரத்தை ஒரு ஸ்பிரிண்ட் என்று வைத்திருக்கிறோம். தினமும் காலையில் 15 நிமிடம் நின்றபடியே பேச வேண்டும்: நேற்று என்ன செய்தாய், இன்று என்ன, எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறாய். எந்த வேலை எந்தக் கட்டத்தில் என்று அட்டை ஒட்டிக் காட்டச் சுவரில் ஒரு போர்டு, கான்பான். அது டொயோட்டாவில் தைச்சி ஓனோ என்ற இன்ஜினியர் காலத்து அட்டை முறை. உங்கள் ஃபேக்டரியில் இடத்தைச் சுத்தமாக அடுக்கி வை என்று 5எஸ், தினம் கொஞ்சம் மேம்படுத்து என்று கைசன் என்று சூப்பர்வைசர் உயிரை எடுத்தாரே, அதே குடும்பத்துச் சரக்கு. ஷாப் ஃப்ளோரிலிருந்து கம்ப்யூட்டர்காரர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். இப்போது புதுப் பெயரோடு ஷாப் ஃப்ளோருக்கே திரும்பி வருகிறது.

இரண்டு வாரம் முடிந்தால் செய்ததைக் காட்ட வேண்டும். ஓடுகிற வரைக்கும் காட்டு, பாதி ஓடினாலும் பரவாயில்லை என்கிறார்கள். என்னால் அதுதான் முடியவில்லை, நைனா. முடியாத ஜாபை இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் வைக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்தவர் நீங்கள். பல்பு எரியவில்லை என்று என் அட்டைக் கலங்கரை விளக்கத்தை ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு எடுத்துப் போகவே விடவில்லையே, ஞாபகம் இருக்கிறதா?

போன ஸ்பிரிண்டில் நடந்ததைச் சொல்கிறேன். நிஜ மிஷினில் சோதனை. ஜாப் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க ஒரு சென்சார். இரும்பு கிட்டே வந்தால் விளக்கு எரியும். இரண்டு முறை கையில் ஜாபே இல்லாமல் சக் மூடிக்கொண்டது. ட்வினில் ஒரு தடவைகூட அப்படி வரவில்லை. என் புரோகிராமில்தான் ஏதோ நேரக் கணக்கு தப்பு என்று நினைத்து ராத்திரி 11 மணி வரை வரி வரியாகத் தேடினேன். காலையில் நிற்கும்போது "கிட்டத்தட்ட முடிந்தது" என்றேன். மூன்று நாளும் அதே வசனம்.

நான்காம் நாள் காட்ட வேண்டிய நாள். மிஷினை ஓட்டிப் பார்க்க 61 வயது ஆபரேட்டர் ஒருவர் வருவார். அவரைப் பேர் சொல்லி, நீ என்று கூப்பிட வேண்டும், டீமில் எல்லாரும் அப்படித்தான். எனக்கு நாக்கு எழுவதில்லை. ஜெர்மனில் வினைச்சொல்லையே விழுங்கிவிட்டுப் பேசிச் சமாளிக்கிறேன். சக் சும்மா மூடியதும் அவர் கம்ப்யூட்டர் பக்கமே திரும்பவில்லை. கதவைத் திறந்து, குனிந்து, பாக்கெட்டிலிருந்த துணியால் சென்சாரைத் துடைத்தார். துணியில் சுருள் சுருளாக இரும்பு பிசிர். கடைசல் சூட்டைத் தணிக்க ஊற்றுகிற கூலன்டில் நனைந்து சென்சார் முகத்தில் அப்பியிருந்திருக்கிறது. பிசிரும் இரும்புதானே, ஜாப் இருக்கிறது என்று அது சாதித்திருக்கிறது. உங்கள் தோளில் எப்போதும் தொங்குமே பனியன் வேஸ்ட், அப்படியே கண்முன் வந்தது.

"எத்தனை நாளாக?" என்று கேட்டார். மூன்று நாள் என்றேன். "பின்னே காலையில் எதற்கு நிற்கிறோம்?" அவ்வளவுதான், திட்டவில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்புறம் இருவரும் உட்கார்ந்து மாற்றினோம். கை ஜாபை எடுத்துக்கொண்டு போனதும் அந்த விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் சென்சார் பொய் சொல்கிறது, மிஷினை நிறுத்து, துடைக்கச் சொல்லித் திரையில் காட்டு. பத்தே வரி. மூன்று ராத்திரி போனது அதற்குத்தான்.

எல்லாவற்றையும் இப்படி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றிவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவசரத்துக்கு நிறுத்துகிற சிவப்புக் காளான் பட்டன், கதவு திறந்திருந்தால் ஓட விடாத இன்டர்லாக் எல்லாம் தனி. அதில் ஒரு வரி தொட்டாலும் ஆபத்துக் கணக்கெடுப்பு, சோதனை, கையெழுத்து என்று மறுபடி போக வேண்டும். பிரஸ் ஷாப்பில் விரலை விட்ட மாமாவை நினைத்துக்கொண்டால் அந்தத் தாமதத்தின் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை.

உங்களுக்குப் பிடிக்கிற விஷயம் ஒன்று. ஒவ்வொரு மிஷின் பக்கத்திலும் ஒரு டேப்லெட் வைத்து, எப்போது நின்றது, ஏன் நின்றது என்று பதிய ஏற்பாடு செய்தோம். பெட்ரிப்ஸ்ராட் தடுத்துவிட்டது. தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் குழு அது. ஆட்களின் வேலையைக் கண்காணிக்கக்கூடிய எந்தக் கருவியையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் வைக்க முடியாது, 1972ஆம் வருடச் சட்டத்திலேயே இருக்கிறது. மிஷின் எண் போதும், ஆபரேட்டர் பெயர் எதற்கு என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. பெயரை எடுத்துவிட்டோம். இரண்டு மாதம் போனது, மேனேஜர் முகம் சுண்டிவிட்டது. எனக்கோ, 1918இல் பின்னி மில் ஆட்களை வைத்து மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கிய கதையை பெரம்பூர் பஸ்ஸில் நீங்கள் சத்தமாகச் சொல்லி, முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தது ஞாபகம் வந்தது.

மற்றபடி, ஞாயிற்றுக்கிழமை கடை எல்லாம் மூடிக் கிடக்கிறது. மீன் கிடைக்கிறது, ஆனால் ஐஸ் கட்டியாக. காசிமேட்டு வாசனை சுத்தமாக இல்லை, அதைப் போய் நினைத்து ஏங்குவேன் என்று யார் கண்டது.

உங்கள் கறுப்பு அட்டை நோட்டு பரணில்தானே இருக்கிறது? அடுத்த ஷிஃப்ட்டுக்கு எழுதி வைப்பீர்களே, எந்த மிஷினில் என்ன தொல்லை என்று. தம்பியை விட்டு எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ட்வினில் எதையெல்லாம் பழுதாக்கிப் பார்க்கலாம் என்று ஒரு பட்டியல் போடுகிறேன், எனக்கு நிஜமாகவே வேண்டும்.

அப்புறம், நான் வாங்கித் தந்த காது மிஷினை நீங்கள் பீரோவில் வைத்திருப்பதாக அம்மா சொன்னார். சத்தம் சரியாக வந்ததும் மாட்டிக்கொள்கிறேன் என்றீர்களாம். மாட்டினால்தான் சரியாக வரும். தினம் இரண்டு மணி நேரம் மாட்டுங்கள். பாத்திரம் விழுகிற சத்தமா, டிவியா, பஸ் ஹார்னா, எது தொந்தரவு என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்து டோல்கேட் கடையில் அந்தத் தாளைக் காட்டினால் செட்டிங் மாற்றித் தருவார்கள். அதன் பிறகு இன்னும் இரண்டு வாரம்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள்
பெரியவள்