கல்வெட்டில் ஒரு திருத்தம்

ஸ்காபரோ

அன்புள்ள பெரியக்கா,

உங்கள் கடிதமும், அம்மாவின் அந்தியேட்டிக்கு அச்சடிக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்கு எழுதின தாள்களும் கிடைத்தன. போனில் கதைத்தால் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுவோம், ஒரு அலுவலும் முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் நல்ல சுகம். குளிர் மைனஸ் இருபதுக்கு இறங்கிவிட்டது, ஆனால் பேஸ்மென்ட்டில் ஹீட்டர் இருக்கிறது. பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் பனிக்கு முன்னமே தன் அத்தி மரத்தைச் சரித்துக் குழிக்குள் படுக்கவைத்து, பலகை போட்டு மண்ணால் மூடினார். குளிர் போனதும் தோண்டி நிமிர்த்துவாராம். அம்மாவுக்குச் சொன்னபோது, "உந்த மனுசனுக்கு வேற வேலை இல்லையோ" என்று இருமல் வரும்வரை சிரித்தார்.

செத்தவீட்டை வேலைத்தலத்துச் சாமான் அறைக்குள் நின்று போனில் பார்த்தேன். உங்களுக்கு நண்பகல், எனக்கு இரவு ஒன்றரை. சுண்ணம் இடிக்கும்வரை தாங்கிக்கொண்டேன். அத்தனை பேரப்பிள்ளைகள் இருந்தும் பந்தம் பிடிக்க ஆள் போதாமல் அயல்வீட்டுப் பெடியன்களைக் கூப்பிட்டு நிறுத்தினார்களே! எங்கள் பிள்ளைகள் லண்டனிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாய்க்குக் கொள்ளி வைப்பது கடைக்குட்டி. சின்னண்ணாவின் தோளில் குடம் ஏறினதும் போனை நிறுத்திவிட்டேன். எனக்கு லீவு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். விசாப் பிரச்சினை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஞாயிறு ஒடியல் கூழ் காய்ச்சினேன். துடக்கு என்பதால் மீன் மச்சம் போடவில்லை, பயற்றங்காயும் பலாக்கொட்டையும்தான். இங்கே எல்லாம் வாங்கலாம். ஒரு ஆளுக்கு எவ்வளவு மா கரைப்பது என்றுதான் தெரியவில்லை, சட்டி நிறைந்துவிட்டது. கூப்பிட்டுக் கொடுக்க ஒருவரும் இல்லை அக்கா.

சரி, கல்வெட்டு. மக்கள் ஏழு பேர் என்று எழுதியிருக்கிறது. ஆசையண்ணாவைத் தனியே "காலஞ்சென்ற" என்று கீழே போட்டிருக்கிறார்கள். புலவருக்குத் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குத் தெரியும்தானே? 95 யாழ்ப்பாண இடம்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தில் சனம் நெரிந்தபோது, அம்மா என் கையைச் சீலைத் தலைப்போடு முடிந்துகொண்டு, நாலடிக்கு ஒருதரம் நின்று எட்டு வரை எண்ணிப் பார்த்தார். போர் முடிந்து ஆசையண்ணா திரும்பி வராத 2009க்குப் பிறகும் அந்தக் கணக்கை அவர் மாற்றவில்லை. 2017இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராடின கிளிநொச்சிக் கந்தசாமி கோவிலடிப் பந்தலுக்கு ஆசையண்ணாவின் படத்தோடு போனபோது, "எத்தனை பிள்ளைகள் அம்மா?" என்று யாரோ கேட்டதற்கும் எட்டு என்றுதான் சொன்னாராம். கல்வெட்டிலும் எட்டுத்தான் வரவேண்டும். "காலஞ்சென்ற" வேண்டாம். ஊர் கதைத்தால் கதைக்கட்டும்.

கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் என் பங்கு இந்த மாதக் கடைசியில் வரும். பாங்கில் ஏதோ தாமதம், வேறொன்றுமில்லை. அதுவரை அத்தானைப் போடச் சொல்லுங்கள். கிணற்றடிக் காணியை விற்கிற கதையை ஒரு வருட ஆட்டத்திவசம் முடியும்வரை ஒருவரும் எடுக்க வேண்டாம். லண்டன் அண்ணாவுக்கு நீங்களே சொன்னால்தான் கேட்பார்.

அப்புறம், மருமக்கள் வரிசையில் அத்தானின் முதலெழுத்துப் பிழை. அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் பாருங்கள், பிறகு அவர் மூஞ்சியை நீட்டுவார்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி