செயலாளர் ஆண்டறிக்கை 2025: நான்கு பேர் ஆடிய ஆட்டம்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் இங்கே கூடியிருக்கும் குடும்பத்தார் அனைவருக்கும் வணக்கம்.

2025ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி மூன்றையும் வழக்கம்போல் கொண்டாடினோம். ஞாயிறு தமிழ் வகுப்பு தடையில்லாமல் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பேஸ்பால் மாதிரியான நம் கோடை சாஃப்ட்பால் ஆட்டத்துக்கு மட்டும் ஆள் சேரவில்லை. ஒரு பக்கத்துக்குப் பத்துப் பேர் வேண்டும். ஏப்ரலில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே பத்துப் பேர்தான் பெயர் கொடுத்திருந்தார்கள். ஆட்டத்தையே நிறுத்திவிடலாமா என்று செயற்குழுவில் பேசினோம். அதை நிறுத்தாமல் காப்பாற்றியது மார்ச் மாதம் நாம் நடத்திய ஒரு மாலைக் கூட்டம். இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

மார்ச் 25 சாஃப்ட்பால் பந்து வீச்சாளர் எடி ஃபெய்னரின் நூறாவது பிறந்தநாள். அவர் பிறந்தது 1925இல், இங்கே வாஷிங்டன் மாநிலத்து ரிச்லாண்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய வல்லா வல்லாவில். நம் பிள்ளைகளுக்கு அந்த ஊர் வெங்காயத்தால்தான் தெரியும். ஜூலை மாதப் பந்திகளில் நாம் தயிர்ப்பச்சடிக்கு நறுக்குகிற, கண்ணில் நீர் வராத இனிப்பு வெங்காயம் அங்கே விளைவது. ஆனால் ஒரு காலத்தில் அமெரிக்கா முழுக்க அந்த ஊரின் பேரைச் சொன்னது இவருடைய வலது கை.

25ஆம் தேதி வேலை நாள் என்பதால் 29ஆம் தேதி சனிக்கிழமை கூடினோம். அவர் ஆடியதை நேரில் பார்த்தவர்கள் அன்று நம் சங்கத்தில் ஐந்து பேர் இருந்தோம். ஈரோட்டண்ணா அவரை எதிர்த்து மட்டையே பிடித்தவர். அவரையும் சேர்த்தால் ஆறு.

விளையாட்டு தெரியாதவர்களுக்காக அன்று முதலில் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். வேகப்பந்து சாஃப்ட்பாலில் கையை மேலே தூக்கி வீசக் கூடாது. இடுப்புக்குப் பக்கத்தில் கீழிருந்து பந்து வெளியேற வேண்டும். பெரும்பாலோர் காற்றாலை சுழல்வதுபோல் கையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வீசுவார்கள். பந்து பேஸ்பாலைவிடப் பெரியது, ஆனால் தூரம் குறைவு. பேஸ்பாலில் பந்து வீசும் பிட்சருக்கும் மட்டை பிடிக்கும் பேட்டருக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். ஆண்கள் சாஃப்ட்பாலில் 46 அடிதான். கிரிக்கெட்டில் ஸ்டம்புக்கு ஸ்டம்பு 66 அடி என்பதை நினைத்துப் பாருங்கள். ஃபெய்னரின் பந்து மணிக்கு 104 மைல் வேகத்தில் போனதாகச் சொல்வார்கள். அந்த வேகத்தில் 46 அடியைக் கடக்க ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது.

அவர் மிர்ல் வெர்னன் கிங் என்ற பெயரில் வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் மரீன் படையில் இருந்தார். பிறகுதான் எடி ஃபெய்னர் என்று பெயரை மாற்றிக்கொண்டார். பழைய பெயரில் இருந்த கிங் அவருடைய அணியின் பெயரிலும் உண்டு: 'தி கிங் அண்ட் ஹிஸ் கோர்ட்', நம் பேச்சில் ராஜாவும் அவர் சபையும். அந்தச் சபை நான்கே பேர். பிட்சர், அவர் வீசுவதைப் பிடிக்கும் கேட்சர், ஓடுகிறவர்கள் தொட்டுச் சுற்றி வர வேண்டிய பேஸ்களில் முதலாவதில் ஒருவர், இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் ஒருவர். எதிரணியில் வழக்கம்போல் முழு ஆளும் இருப்பார்கள்.

ஏன் நான்கு? இதைத்தான் பிள்ளைகள் அன்று விடாமல் கேட்டார்கள். 1946இல் ஒரிகானில், வல்லா வல்லாவுக்கு அடுத்திருக்கும் பெண்டில்டன் ஊர்க்காரர்களோடு வந்த வாய்ச்சவாலில் தொடங்கியது இது. பந்து வீச ஒருவர், பிடிக்க ஒருவர், இரண்டு பேரே போதும் என்பது அவருடைய தெம்பு. ஆனால் எதிரணி வேண்டுமென்றே அடிக்க முடியாதபடி வீசி, அந்த இருவரையும் பேஸுக்கு நடக்கவிட்டால் அடுத்து மட்டை பிடிக்க ஆள் இருக்காது. மூன்று பேஸிலும் ஆள் நின்றாலும் அடிக்க ஒருவர் மிஞ்ச வேண்டும். ஆக நான்கு. வெளிமைதானத்தில் ஒருவரும் இல்லை என்பதால், யாராவது பந்தைத் தூக்கி அடித்துவிட்டால் ஓடி எடுக்க ஆளே கிடையாது. அடிக்கவே விடக் கூடாது என்ற ஒரே நம்பிக்கையில் நின்ற அணி அது. அன்று அவர்கள் வென்றார்கள். அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுக்கும் மேல் ஊர் ஊராகப் போய் ஆடினார்கள்.

அவருடைய அணி வைத்திருந்த கணக்குப்படி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள், 1,41,517 ஸ்ட்ரைக்அவுட்கள், அதாவது பந்தை அடிக்க முடியாமல் மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட் ஆவது. எதிரணியில் ஒருவர்கூட முதல் பேஸை எட்டாத ஆட்டங்கள் மட்டும் 238. எதிரணிகள் பெரும்பாலும் உள்ளூர் லீக் ஆட்கள்தானே என்று நம் இளைஞர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் 1967 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர் ஸ்டேடியத்தில் நடந்த காட்சி ஆட்டம். வில்லி மேஸ், வில்லி மெக்கோவி, புரூக்ஸ் ராபின்சன், மௌரி வில்ஸ், ஹார்மன் கில்லப்ரூ, ராபர்ட்டோ கிளமென்டே என்று ஆறு பேஸ்பால் நட்சத்திரங்களை வரிசையாக ஸ்ட்ரைக்அவுட் செய்தார். கிளமென்டே அதற்கு முந்தைய பருவத்தில்தான் பேஸ்பாலின் பெரிய லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியிருந்தார். இதைச் சொன்னதும் அந்தத் தம்பி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நான் ஃபெய்னரைப் பார்த்தது எண்பதுகளின் தொடக்கத்தில். இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஊர்ச் சேவை அமைப்பு ஒன்று நிதி திரட்ட அவரை அழைத்திருந்தது. நூறு டிகிரியைத் தொட்ட நாள். சாயங்காலமாகியும் மரப்பலகை இருக்கை சுட்டது. என் கணவருடைய அலுவலகத்தில் வேலை பார்த்த ஈரோட்டண்ணா லீக்கில் ஆடுவார் என்பதால் ஊர் அணியில் அவருக்கும் இடம் கிடைத்திருந்தது. நாங்கள் மூன்று குடும்பம் புளிசாதமும் உருளை வறுவலும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். அந்த மூன்று குடும்பம்தான் பின்னால் இந்தச் சங்கம் ஆனது.

ஃபெய்னருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கும். ஒட்ட வெட்டிய தலைமுடி, சிவப்பு வெள்ளை நீலத்தில் சீருடை. நான் பார்த்துக்கொண்டே இருந்தது அவருடைய முன்னங்கையை. எங்கள் தாத்தா வீட்டில் நெல் குத்துகிற உலக்கைபோல மணிக்கட்டுவரை ஒரே பருமன். முழங்காலில் நின்று வீசினார். முதுகுக்குப் பின்னாலிருந்து வீசினார். கால்களுக்கு இடையே வீசினார். அப்புறம் இரண்டாம் பேஸுக்கே போய், ஏறக்குறைய 85 அடியிலிருந்து வீசினார். கடைசியில் கண்ணைக் கட்டிக்கொண்டார். கூட்டம் முழுக்க அமைதி. கேட்சர் கையுறையில் இரண்டு முறை தட்டிக் காட்டினார். சத்தம் வந்த திசைக்குப் பந்து நேராகப் போனது. வித்தை காட்டுகிறார் என்று சிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

ஈரோட்டண்ணாவின் முறை வந்தது. மார்ச் கூட்டத்தில் அவரே சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன்:

"காலேஜ்ல கிரிக்கெட் ஆடுனவன் நான். பந்து கையை விட்டு வர்றதைப் பார்த்துத்தான் அடிச்சுப் பழக்கம். அவர் கை சுத்துறது மட்டும் தெரிஞ்சுது. பந்து தெரியலைங்க. பின்னாடி கையுறையில 'டப்'புனு கேட்டப்புறம்தான் வந்துட்டுதுன்னு தெரியும். ரெண்டாவது பந்துக்கும் அப்படியேதான். சரி, இனி பார்த்துப் பிரயோசனமில்லைன்னு மூணாவதுக்கு அவர் தோள் இறங்கும்போதே மட்டையை வீசிட்டேன். 'டிக்'குனு ஒரு சத்தம். ஃபவுல், கோட்டுக்கு வெளியே போச்சு. பட்டது, அவ்வளவுதான். கை முட்டி வரைக்கும் விண்ணுன்னு இருந்துச்சு. நாலாவது பந்துல அவுட்."

அந்த 'டிக்' சத்தத்துக்கு மைதானமே எழுந்து கை தட்டியதை நான் பார்த்தேன். ஃபெய்னரும் தொப்பியைத் தொட்டு அண்ணாவைப் பார்த்துத் தலையசைத்தார். கூட்டத்தில் இதைச் சொல்லும்போது அண்ணா வலது உள்ளங்கையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

2000இல் ஃபெய்னருக்குப் பக்கவாதம் வந்தது. அதோடு வீசுவது நின்றது. 2007 பிப்ரவரி 9 அன்று அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் 81 வயதில் காலமானார். மகன் எடி ஜூனியரும் பல ஆண்டுகள் அந்த நால்வரில் ஒருவராக ஆடியவர்.

பேச்சு முடிந்ததும், பள்ளி அணியில் வீசுகிற நம் உறுப்பினர் மகள், "நான் வீசிக் காட்டட்டுமா அத்தை?" என்று கேட்டாள். எல்லோரும் வாகன நிறுத்தத்துக்குப் போனோம். பள்ளிப் பெண்களுக்கான 43 அடியை அண்ணாவே நாடா பிடித்து அளந்தார். கையுறையை நான் மாட்டிக்கொண்டேன். மூன்று பந்துதான் பிடித்தேன். அன்று இரவு தோசை மாவு கரைக்கும்போதும் உள்ளங்கை எரிந்தது. அவள் கை சுழன்றபோது, காதுக்குப் பக்கத்தில் துணி உரசுகிற அந்தச் சின்னச் சத்தம் நாற்பது ஆண்டுக்கு முன் கேட்ட அதே சத்தம்.

அங்கே நின்றபடியே அண்ணா ஒரு யோசனை சொன்னார். பத்துப் பேர் இல்லையென்றால் என்ன, நான்கு பேர் ஒரு பக்கம் நிற்கட்டும், மிச்சப் பேர் எதிரில். ஏப்ரலில் ஆள் சேராதபோது செயற்குழு அதை ஏற்றுக்கொண்டது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஞாயிறு காலைகளில் அப்படியே ஆடினோம். ஒரு ஞாயிறு மட்டும், முன்பதிவு செய்திருந்தும் மைதானம் வேறு குழுவுக்குக் கொடுக்கப்பட்டிருந்ததால், ஆற்றங்கரைப் புல்வெளியில் ஆட வேண்டியதாயிற்று. நால்வர் அணிக்கு அந்தப் பெண்தான் பிட்சர். பெயர் கொடுக்காமல் இருந்த தாய்மார்கள் சிலர் ஜூலையில் மட்டை பிடித்தார்கள். இது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆகஸ்ட் கடைசியில் நால்வர் அணியில் சேர ஆள் போட்டி வந்துவிட்டது.

அண்ணா ஒரு ஞாயிறும் தவறவில்லை. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதினார். அக்டோபரில் அவர் நம்மை விட்டுப் போனார். அவர் எழுதிய நோட்டு என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் ஸ்ட்ரைக்அவுட்களை ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு வைத்திருக்கிறார். அவர் வீட்டு அக்காவின் சம்மதத்தோடு அந்த நோட்டைச் சங்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பதை ஒரு தீர்மானமாக முன்மொழிகிறேன். அண்ணாவுக்காக இப்போது ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

வரும் ஆண்டின் கோடை ஆட்டத்துக்குப் பெயர்ப் பட்டியல் வாசலில் இருக்கிறது. ஸ்கோர் எழுத ஒருவர் வேண்டும். பின்வலை கிழிந்துவிட்டது, புதிது வாங்கப் பொதுக்குழு அனுமதிக்க வேண்டும். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்