பிலிம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

வணக்கம். மூளைக்கட்டியின் மரபணு மாற்றத்தை ஸ்கேனே காட்டிவிடும், இனி பயாப்சி (கட்டியிலிருந்து ஊசியாலோ ஆபரேஷனிலோ துணுக்கு எடுத்துச் சோதிப்பது) தேவைப்படாது என்று ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மதுரையில் நெடுங்காலம் எம்ஆர்ஐ அறையில் வேலை பார்த்தவன் நான். கட்டுரையின் முதல் பாதி ஓரளவு உண்மை. இரண்டாவது பாதியை நம்பி யாரும் பயாப்சியைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது.

எம்ஆர்ஐயில் டி2, ஃபிளேர் என்று இரண்டு வகைப் பட வரிசைகள் உண்டு. டி2 படத்தில் கட்டி முழுக்க வெள்ளையாகவும், ஃபிளேர் படத்தில் விளிம்பு மட்டும் வெளுத்து உள்ளே கறுத்தும் தெரிந்தால், அது ஐடிஹெச் என்ற மரபணு மாறிய ஆஸ்ட்ரோசைட்டோமா என்னும் மூளைக்கட்டி வகை என்று பெரியவர்களைப் பொறுத்தவரை ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். 2017-ல் இதை ஆய்விதழில் எழுதினார்கள். இத்தனைக்கும் அந்த இரண்டு வரிசைகளும் நாங்கள் அன்றாடம் எடுப்பவைதான்! ஆனால் அடையாளம் தெரியவில்லை என்பதால் மரபணு மாறவில்லை என்று ஆகாது. அதே வகைக் கட்டிகள் பலவற்றில் அது தெரிவதே இல்லை. நுரையீரல் புற்றில் இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவின் மாற்றத்தை சிடி ஸ்கேனில் ஊகிப்பது இன்னும் தளர்ந்த சங்கதி. அதை வைத்து மாத்திரை எழுத முடியாது.

ஸ்கேனுக்கென்று ஒரு பலம் உண்டு, கட்டுரை அதை விட்டுவிட்டது. ஊசி கட்டியின் ஒரு மூலையைத்தான் தொடுகிறது. ஒரே கட்டிக்குள் இடத்துக்கு இடம் மரபணு மாறியிருக்கலாம். ஸ்கேன் முழுக் கட்டியையும் பார்க்கிறது.

படத்தைப் பார்த்து மரபணு மாற்றத்தை ஊகிக்கக் கம்ப்யூட்டர் கற்க வேண்டுமென்றால் படமும் மரபணு முடிவும் ஒரே நோயாளியின் பேரில் சேர்ந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 2011-லிருந்து இயங்கும் புற்றுநோய்ப் படக் காப்பகத்தில் அப்படிச் சேர்த்து வைத்த தொகுப்புகள் உண்டு. அங்கே கற்றது இங்கே அப்படியே பலிக்காது. காந்த பலம் 1.5 டெஸ்லா உள்ள மெஷினும் 3 டெஸ்லாவும் ஒன்றல்ல; கட்டியைக் குறுக்காக வெட்டிக் காட்டும் படங்களில் 5 மி.மீ. ஸ்லைஸும் 1 மி.மீ. ஸ்லைஸும் ஒன்றல்ல. கட்டியைப் படிக்க விட்டால் கம்ப்யூட்டர் மெஷினின் வித்தியாசத்தைப் படித்துவிட்டு வந்து நிற்கும்.

நம் ஊர் நிலவரம்? உசிலம்பட்டிக்காரர் ஒரு சென்டரில் ஸ்கேன் எடுக்கிறார், ஆபரேஷன் இன்னோர் இடத்தில், கட்டித் துணுக்கை மெழுகில் பதித்த பிளாக் மரபணுப் பரிசோதனைக்கு வெளியூருக்குக் கூரியரில் போகிறது. ஒரே நோயாளிக்கு மூன்று இடத்தில் மூன்று நம்பர். ஸ்கேனின் அசல் பதிவை இடம் அடைக்கிறது என்று அழித்துவிடும் சென்டர்களும் உண்டு. கடைசியில் கையில் மிஞ்சுவது பிலிம். டாக்டர் பார்க்க அது போதும், கம்ப்யூட்டர் கணக்கிட உதவாது. (அதையும் ஜன்னலில் பிடித்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது தனிக் கூத்து.)

தென்மாவட்டங்கள் முழுக்க வந்து சேரும் மதுரை பெரியாஸ்பத்திரியிலும் (அரசு ராஜாஜி மருத்துவமனை) பாலரங்காபுரம் புற்றுநோய் மருத்துவமனையிலும் ஸ்கேன், பயாப்சி, மரபணு முடிவு மூன்றுக்கும் ஒரே நம்பர் கொடுத்து, நோயாளியின் சம்மதத்தோடு பாதுகாக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். வாசகர்கள் ஸ்கேன் எடுத்தால் பிலிமோடு நிறுத்தாமல், எல்லா ஸ்லைஸும் டைகாம் (ஸ்கேன் படங்களின் அசல் கம்ப்யூட்டர் பதிவு) வடிவில் உள்ள சிடி டிஸ்க்கையோ பென்டிரைவையோ கேட்டு வாங்குங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பயாப்சி ரிப்போர்ட்டையும் அதே கவரில் போட்டு வையுங்கள்.

ஓய்வுபெற்ற எம்ஆர்ஐ டெக்னீசியன்,
வில்லாபுரம், மதுரை