மதிலும் சமாவும்

அன்பின் மச்சான்,

சுகம்தானே? இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை.

உன் மகள் செய்து அனுப்பிய ஏழு ஜாஸ் உருப்படிகளையும் கேட்டேன். முதல் தரம் ஒன்றுமே பிடிபடவில்லை. அன்றிரவு கரண்ட் போக, விறாந்தையில் இருந்து மறுபடி போட்டேன். ரொறன்ரோவில் குயின் வீதிக்குப் பின்னால் ஓடும், சுவரெல்லாம் படம் தீட்டிய கிராஃபிட்டி ஒழுங்கையில், சுவருக்கு ஓர் உருப்படியாகச் செய்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அது அப்போதுதான் விளங்கியது. மூன்றாவதில் சக்ஸபோன் ஒரே சொற்கட்டைப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே திரும்பத் திரும்பப் பூசுகிறது. ஒருவன் வரைந்ததன் மேல் இன்னொருவன் வரைகிற மாதிரி. அபாரம்!

கோயில் வீதியில் விடியவிடிய மேளச் சமா கேட்ட எங்களுக்கு ஜாஸ் என்ன புதிசா? தவில்காரரில் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்து, கணக்கு எங்கே போய் முடியுமோ என்று நெஞ்சு அடிக்க நிற்போமே. 1975இல் காலமான தவில் தட்சிணாமூர்த்தியைப் பற்றி ஐயா கதைக்கும்போது குரல் தழுதழுக்கும்.

சரி, குறைக்கு வருகிறேன். ஐந்தாவதில் ஒரு பிழைகூட இல்லை. கழுவித் துடைத்து வைத்தது போல இருக்கிறது. பாஸ்கியா என்ற அமெரிக்க ஓவியனின் படங்களைப் பார்க்கச் சொல்லு. 1970களின் கடைசியில் நியூயோர்க் சுவர்களில் கூட்டாளியோடு ‘சேமோ’ என்று பேர் போட்டு வாசகம் எழுதித் திரிந்தவன். உன் மகள் சுவரிலிருந்து ஜாஸுக்குப் போகிறாள். அவன் ஜாஸைப் படமாக்கினான். 1983இல் வரைந்த ‘ஹார்ன் பிளேயர்ஸ்’ படத்தில் ஜாஸ் வித்துவான்கள் சார்லி பார்க்கரும் டிஸி கில்லெஸ்பியும் நிற்க, சுற்றிவர எழுதியதும் எழுதி வெட்டியதுமாய்ச் சொற்கள். வெட்டிவிட்டால்தான் சனம் உற்று வாசிக்கும் என்பது அவன் கணக்கு. 1985இல் ஆளை விடப் பெரிய வட்டப் பலகைக்குக் கறுப்படித்து, இசைத்தட்டாக்கி, பார்க்கரின் ‘நவ்ஸ் த டைம்’ என்ற உருப்படியின் பெயரைக் கையாலேயே கிறுக்கினான். கோடு நேரில்லை, ஆனால் உயிர் இருக்கிறது. 27 வயதில் செத்துப்போனான், பாவி.

கடைசி உருப்படிக்கு யாழ்ப்பாணத்து மதில் ஒன்று வேண்டுமாம், நல்லதாகப் பார்த்துப் படம் அனுப்பட்டாம். 2019 கடைசியில் நாடு முழுக்கப் பொடியன்களும் பெட்டைகளும் மதில்களுக்கு நிறம் தீட்டினார்களே, எங்கள் ஒழுங்கை முகப்பிலும் யாழோடு ஒரு பெண்ணை வரைந்தார்கள். இப்போது நீலம் வெளிறிவிட்டது. முகத்தில் ரியூசன் விளம்பரம், அதன் மேல் தேர்தல் நோட்டீஸ், அதையும் யாரோ பாதி கிழித்திருக்கிறார்கள். கிழிசலுக்குள்ளே ஒரு கண் மட்டும் தெரிகிறது. நான் அதைத்தான் எடுத்தேன். எடுக்கிற நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆடு வந்து பசையை நக்கத் தொடங்கிவிட்டது, அதுவும் படத்தில் விழுந்திருக்கிறது.

மகளிடம் சொல்லு, ஆட்டை வெட்ட வேண்டாம்.

அன்புடன்,
உன் கொக்குவில் கூட்டாளி